பதினான்கு வேளை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் கை போகிறது, மனசு வரவில்லை. ஆனாலும் பயப்படாதே. அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மத்தியானம் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். படி ஏறுவதற்கு முன்னால் அந்த டிரைவரைக் கூப்பிட்டு, "கிளட்சை இப்படி மிதிச்சா வண்டி ஒரு வருஷம் தாங்காதுப்பா" என்று புத்தி சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

வயிற்றை முழுசாக எடுத்துவிட்டார்கள். பாதி எடுப்போம் என்றுதான் முதலில் பேச்சு. திறந்து பார்த்ததும் மொத்தமாக எடுத்துவிட்டு, தொண்டையிலிருந்து இறங்கும் குழாயை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களாம். "கட்டி முழுசா வந்துடுச்சும்மா. இனிமே இவர் சாப்பிடக் கத்துக்கணும், அதுதான் வேலை" என்றார் பெரிய டாக்டர். ஐம்பத்திரண்டு வயசு ஆளுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதுவும் யாருக்கு? டிப்போவில் அண்டா என்று பேர் எடுத்தவருக்கு. இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியதை விட அவர் ஒரே உட்காரலில் பதினெட்டு முட்டை தின்றதைத்தான் அங்கே எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள்.

நர்ஸ் கொடுத்த தாளில் "சிறிது சிறிதாக, அடிக்கடி" என்று போட்டிருக்கிறது. எவ்வளவு சிறிது, எத்தனை அடிக்கடி என்று கேட்டால், "அவருக்கு முடிஞ்ச அளவும்மா" என்று போய்விட்டாள். செரிப்பதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. சாப்பாட்டோடு மூன்று வேளை. ஜூலை ஆறாம் தேதி மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அத்தான்தான் உனக்கு எழுதச் சொன்னார். "வயிறு இல்லாததுக்கெல்லாம் தீனி போட்டு வளர்க்கிறவன் உன் தம்பிதானே, அவனைக் கேளு" என்கிறார். கிண்டல்தான். ஆனால் நான் நிஜமாகவே கேட்கிறேன். உங்கள் தீவில் வயர்லெஸ்ஸைக் குடும்பப் பேச்சுக்குத் தரமாட்டார்கள், தெரியும். படகு வாரம் ஒருமுறை என்றாலும் பரவாயில்லை, விவரமாக எழுது. நீ எழுதினால் அவர் கேட்பார். எங்களுக்குப் பிள்ளை என்று இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கடிதத்தைத் தீனிக் கொட்டகையில் நின்றபடியே படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். நல்ல செய்தி என்றேன். அத்தான் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார், அதைவிட நல்ல செய்தி வேறு என்ன?

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். நாங்கள் இங்கே வளர்க்கும் கடல்குதிரைக்குப் பல் இல்லை, வயிறும் இல்லை. மூக்கு மாதிரி நீண்டிருப்பதுதான் அதற்கு வாய். வாலால் ஒரு புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒரு கண் முன்னால் பார்த்தால் இன்னொன்று பின்னால் பார்க்கும். பொடி இறால் ஏதாவது விரற்கடை தூரத்துக்குள் வந்ததும் தலையை வெடுக்கென்று தூக்கி உறிஞ்சிவிடும். அந்த "டிக்" சத்தம் தொட்டிக்கு வெளியே கேட்கும். மெல்லுவது கிடையாது, இரை முழுசாக உள்ளே போகும். தேக்கிவைக்க வயிறு இல்லாததால் நேராகக் குடலில் இறங்கிவிடும். நம்மைப் போல ஒரு வேளை தின்றுவிட்டு மறு வேளை வரை சும்மா இருக்க அதனால் முடியாது. வளர்ந்தது ஒன்று ஒரு நாளைக்கு முப்பது, ஐம்பது தடவை தின்னும். குஞ்சுகளோ விடிந்ததிலிருந்து விளக்கை அணைக்கும்வரை தின்றுகொண்டேதான் இருக்கும்.

அதனால் மூன்று வேளை என்பதையே மறந்துவிடு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டு வரை மணிக்கு ஒரு தடவை கொடு. கூட்டினால் பதினான்கு வேளை. தடவைக்கு ஆறு ஏழு ஸ்பூன் போதும். தட்டில் மலை மாதிரி வைக்காதே, பார்த்தாலே அவருக்கு ஆசை வந்துவிடும். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு இழு. இங்கே நானும் அப்படித்தான் செய்கிறேன். தின்கிறதா இல்லையா, அதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. தின்கிற வரைக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை.

அத்தான், உங்கள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்து என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்தான். உங்களை ஒழுங்காகச் சாப்பிட வைக்காமல் நான் விடப்போவதில்லை.

அன்பு மறவாத,
தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் திட்டம் பலிக்கிறது. பதினான்கு வேளையும் உள்ளே இறங்குகிறது. அலாரம் கடிகாரத்தை இடுப்பில் கட்டாத குறையாகச் சுற்றிவருகிறேன். ஒரு வேளைக்குப் பாத்திரம் கழுவி முடித்தால் அடுத்த வேளை வந்துவிடுகிறது. நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். "வால் இல்லையே, என்ன பண்ண?" என்கிறார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நாக்கால் "டிக்" என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா பார்க்க வந்தவள், மனுஷனுக்கு மூளையும் கலங்கிவிட்டதோ என்று பயந்துபோனாள்.

மசித்த உருளைக்கிழங்கு, குழைந்த சோறு, அவித்த முட்டை, பட்டாணி, முள் எடுத்த மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். மாத்திரையும் தாளில் இருக்கிறபடி காலை, மத்தியானம், ராத்திரி மூன்றும் தவறுவதில்லை. நோட்டில் ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. கொஞ்சம் இளைப்புத்தான். பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன். ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தானே இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். ஆறாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் அல்லவா? இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். அங்கே வரிசையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். போக வர எட்டு வேளையாவது சாப்பாடு தவறிப்போகும். குலுக்கலில் உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? அவருக்கும் போக இஷ்டமில்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மறுபடி அந்த நாத்தத்துக்குள்ள?" என்கிறார். நீ என்ன நினைக்கிறாய்? உன் பதில் வந்த பிறகு முடிவு செய்கிறோம்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்கா,

அவசரப் பதில். படகு கிளம்ப அரை மணிதான் இருக்கிறது.

இங்கே வளர்ப்புக் கூடத்தின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்: தின்னும் தொட்டியைக் கலைக்க வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் முதலில் அதைத்தான் காட்டுவோம். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் கடல்குதிரையை எடைபோட எடுத்தாலோ, வேறு தொட்டிக்கு மாற்றினாலோ, பயத்தில் இரண்டு மூன்று நாள் வாயைத் திறக்காது. அந்த இரண்டு நாளே அதற்குப் போதும். அத்தான் இப்போதுதான் சாப்பிடப் பழகியிருக்கிறார். அதைக் கலைக்காதே. ஆகஸ்டில் இன்னும் தெம்பு வந்த பிறகு கூட்டிப்போகலாம். நான் சொன்னதாகச் சொல்.

இன்னொரு செய்தி. போன வாரம் எங்கள் இரண்டு ஆண் குதிரைகள் குஞ்சு பொரித்தன. சுமந்து பெறுவது இதில் ஆண்தான், அத்தானிடம் சொல், சிரிப்பார். அறுநூற்றுச் சொச்சம் குஞ்சுகள். முதல் முறையாக எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். என்னமாய்த் தின்கின்றன தெரியுமா? தொட்டிக்குள் இறால் குஞ்சை ஊற்ற ஊற்றக் காலியாகிறது. நானும் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறேன். இவை தப்பிப் பிழைத்தால் கூடமே என் கைக்கு வரும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

அவசரத்துடன்,
தம்பி

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி ஆறாம் தேதி போகவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் அத்தானுக்குப் பெரிய நிம்மதி. "அவன் படிச்சவன், சொன்னா சரியா இருக்கும்" என்றார். ஆணே பிள்ளை பெறுகிற செய்திக்கு நீ நினைத்த மாதிரியே சிரித்தார். ஆனால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

சாப்பாடு தவறவில்லை. நோட்டு இரண்டாவது வாங்கியாகிவிட்டது. பகலில் தூக்கம் கூடியிருக்கிறது. வேளைக்கு வேளை நான்தான் எழுப்புகிறேன். இரண்டு காலிலும் வீக்கம், அழுத்தினால் விரல் பதிகிற குழி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறது. தையல்கார அக்கா சட்டை பிடித்துக் கொடுக்க அளவெடுத்தாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவள் வாயாடி, பேசாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிப்போ ஆட்கள் அவருடைய பழைய பஸ்ஸையே தெருமுனை வரை ஓட்டி வந்தார்கள். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். முதல் படியில் காலை வைத்தார், இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இருங்கடா, டிக்கெட் எடுத்துட்டு வரேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரை இறக்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் சாப்பிடுகிறார் தம்பி. பதினான்கு வேளையும் சாப்பிடுகிறார். அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 22

அக்கா,

இதைப் படித்ததும் அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. மீதியைப் போகிற வழியில் படி.

என் குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. பத்து நாளாக. முதலில் ஐந்து, பத்து என்று. நேற்று ஒரே நாளில் நூற்றுக்கு மேல். தின்னாமல் சாகவில்லை அக்கா. சாகிற நிமிஷம் வரை தின்றுகொண்டே இருந்தன. அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோய் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றினேன். ஒன்றுக்கும் பலனில்லை.

இன்று காலை ஆய்வுக்கூடத்து அம்மா என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். குஞ்சுகளின் கழிவு அது. அதற்குள் நான் போட்ட இறால் குஞ்சுகள் அப்படியே இருந்தன. கரையவே இல்லை. ஒன்றிரண்டு காலை ஆட்டிக்கொண்டுகூட இருந்தன. வாய் வழியாகப் போய் மறு பக்கம் உயிரோடு வந்திருக்கின்றன. "வயிறு இல்லாத ஜீவன்ப்பா. இரையைக் கரைக்கிறதெல்லாம் அந்தத் துளியூண்டு குடல்தான். நீ மேல மேல போட்டா, பின்னால வர்றது முன்னால போனதைத் தள்ளிவிட்டுடும். வாய் நிறையத் தின்னுச்சு, உடம்புல ஒண்ணும் ஒட்டலை. பட்டினியிலதான் செத்திருக்கு" என்றார். நான் என் நோட்டைக் காட்டினேன். எல்லாப் பக்கத்திலும் "நன்றாகத் தின்றன" என்று என் கையெழுத்து. அவர் அதைப் படித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

அப்போதுதான் உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. பெல்ட், கால் வீக்கம், தூக்கம். எல்லாம் நீ எழுதியிருந்தாய். நான் படித்தது பதினான்கு என்ற எண்ணிக்கையை மட்டும்தான். அந்த மாத்திரை செரிப்பதற்குத்தானே? மூன்று வேளைக்குத்தான் கொடுக்கிறாய். மீதிப் பதினொரு வேளை சாப்பாட்டை எது கரைக்கும்? எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன். எடை போடச் சொல். மலத்தைப் பரிசோதிக்கச் சொல். நான் போக வேண்டாம் என்று எழுதியது தப்பு.

ஜூலை 23. இன்று படகு வரவில்லை. கடல் கொந்தளிப்பு. வயர்லெஸ் கேட்டுப் போனேன். மேலாளர் முதலில் முடியாது என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒரே இரைச்சல். கரையில் யாரும் எடுக்கவில்லை.

ஜூலை 24. படகு இல்லை.

ஜூலை 25. மீனவர் ஒருவரிடம் என்னைக் கரையில் விடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "செத்துப்போகச் சொல்றியா?" என்றார். குஞ்சுகளில் நாற்பது மிச்சம் இருந்தால் அதிகம். இப்போது யாரும் எண்ணுவதில்லை.

ஜூலை 26. காற்று விட்டிருக்கிறது. படகு தெரிகிறது. இதைத் தபால் பையில் போடுகிறேன். அக்கா, போய்விட்டிருப்பாய், இல்லையா? நான் சொல்லாமலே போயிருப்பாய்.

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

வீட்டில் மூன்று நாள் இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று படகு கிளம்பும் முன்பே செய்தி வயர்லெஸ்ஸில் வந்து, நான் அதிலேயே ஏறி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. டிப்போ ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நீ எல்லாருக்கும் டீ கொடுத்தாய், எனக்கும் கொடுத்தாய். பேசினால் எல்லாருக்கும் முன்னால் உடைந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அது ஒரு சாக்குத்தான். நீ என்ன சொல்வாய் என்றுதான் பயம்.

இரண்டாம் நாள் தபால்காரர் வந்தபோது கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் கையில் அவர் கொடுத்த உறை எது என்று தெரியும். நீ அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாய். எழுந்து வந்து பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

வளர்ப்புக் கூடத்திலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். வலை கழுவுகிறேன். அதுவே போதும்.

அக்கா, நான்தான் அவரைக் கொன்றேன் என்று நீ நினைத்தால் அதையாவது எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
தம்பி

ஆகஸ்ட் 19

தம்பி,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

முந்தியதை நீ பஸ் ஏறிய அன்று சாயங்காலம் பிரித்தேன். படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தாய். நான்கு நாள் தேதி போட்டு எழுதியிருந்தாய். அந்த நான்கு நாளும் நீ பட்ட பாட்டைப் படித்தேன். அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை.

நீ கேட்காமல் போனதைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை இருபத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணி வேளை. நான்கு ஸ்பூன் வாங்கினார். ஐந்தாவதுக்கு வாயைத் திறக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. தையல்கார அக்கா ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அறுபத்தெட்டு கிலோ இருந்தவர், அன்றைக்கு நாற்பத்தாறு. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வேறு. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்று நாள் இருந்தார். கடைசி நாள் கொஞ்சம் தெளிவு வந்து, "மணி என்ன, வேளை ஆச்சா?" என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றேன். ஆகியிருந்தது. அங்கே வாயால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "கட்டி திரும்பி வரலைம்மா. சுத்தமா இருக்கு. சாப்பிட்டது உடம்புல ஒட்டலை, அவ்வளவுதான். மூணு வேளை மாத்திரைன்னு எழுதினது மூணு வேளை சாப்பிடுறவங்களுக்கு. இவருக்கு ஒவ்வொரு தடவையும் கொடுத்திருக்கணும். ஆறாம் தேதி வந்திருந்தா அன்னிக்கே மாத்தி எழுதியிருப்போம். யாரு வர வேண்டாம்னு சொன்னது?" உன் பேரை நான் சொல்லவில்லை.

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், கேள்.

அவருடைய துணியைத் துவைத்தது நான். படுக்கைப் பாத்திரத்தைக் கழுவியது நான். பட்டாணி உருண்டை உருண்டையாக அப்படியே வந்தது. சோற்றுப் பருக்கை கலையாமல் வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. ஜூன் மாதத்திலேயே பார்த்துவிட்டேன், அந்த பெல்ட் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே. உனக்கு எழுதவில்லை. எழுதினால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பாய். போனால் கட்டி திரும்ப வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை மறுபடி கேட்க என்னால் ஆகாது. அதனால் கோடு கோடாக இழுத்த நோட்டை மட்டும் உனக்குக் காட்டினேன். எட்டு வேளை தவறும், குலுக்கும் என்றெல்லாம் எழுதினேனே, நீ போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். நீயும் சொன்னாய். எத்தனை வேளை தின்றார் என்று கேட்டாய். நான் எதைக் கழுவினேன் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால் நீ கொன்றாய் என்று என்னால் எழுத முடியாது. நீ கொல்லவில்லை என்றும் எழுத வரவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைப் பட்டினி போட்டோம், பதினான்கு வேளையும் ஊட்டி.

பகலில் வேலை இருக்கும்போது உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடிகாரம் மணி அடித்தால் கை தானாகப் பாத்திரத்துக்குப் போகிறது. மூடியைத் திறக்கும்போதுதான் ஆள் இல்லை என்று தெரிகிறது. அப்போது உன்னை வெறுக்கிறேன். என்னை அதைவிட வெறுக்கிறேன். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணி வரை, ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. அலாரத்தை நிறுத்திப் பார்த்தேன், கை நிற்கவில்லை.

அது நிற்கும்வரை நீ வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். நின்றதும் நானே எழுதுகிறேன். நிற்காவிட்டால் எழுத மாட்டேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

அக்கா